பாத்தாச்சு

"அனுப்பியாச்சுன்னு நீதானே—"

"அனுப்பியாச்சுன்னுதான்டி நெனச்சேன், எழுதி முடிச்சு, ரெண்டு தடவ படிச்சு—"

"நெனச்சா போதுமா? இங்க வந்து பாரு. போகவே இல்ல. ஞாயித்துக்கெழமைலேர்ந்து இங்கயே சப்பணம் போட்டு உக்காந்திருக்கு."

"கத்தாதே. சுவத்துக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்காங்க."

"இருக்கட்டும். பதினோரு வருஷம் கம்ப்யூட்டர்ல வேல பாத்தவளுக்கு ஒரு மெயில் அனுப்பத் தெரியலன்னு அவங்களும் தெரிஞ்சுக்கட்டும்."

சாப்பாட்டு மேசையின் நடுவில் மடிக்கணினி திறந்திருந்தது. அதை இருவரும் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். மூத்தவளுக்கு நாற்பத்து மூன்று வயது. மென்பொருள் எழுதுவது அவள் தொழில். அம்மா படுக்கையில் விழுந்தபோது வேலையை விட்டாள். விட்டு நாலரை வருடம். அம்மா போய் எட்டு மாதம் ஆகிறது. இளையவள் ஒரு பெரிய மருத்துவமனையில் தலைமை நர்ஸ். "அம்மாவ நீ பாத்துக்கிட்ட, ஊரார் அம்மாவையெல்லாம் நான் பாத்துக்கிட்டேன்" என்று அவள் அவ்வப்போது சொல்வாள். சண்டையின் நடுவில் மட்டும் சொல்லமாட்டாள். அந்த மரியாதை அவளிடம் உண்டு.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நேர்முகத் தேர்வு. வருகிறேன் என்று செவ்வாய் மாலை ஐந்துக்குள் பதில் போட வேண்டும். இன்று செவ்வாய். மணி நாலு நாற்பது.

"அனுப்பு. என் கண்ணு முன்னாடி அனுப்பு."

மூத்தவள் பொத்தானை அழுத்தினாள். "அனுப்பியா—"

"ம்?"

"அனுப்பிட்டேன். போதுமா?"

"போதும். இப்ப மூச்சு வருது."

இளையவள் நாற்காலியில் சாய்ந்தாள். மூன்று மாதத்தில் இது மூன்றாவது கம்பெனி. முதலாவது, தொலைபேசியில் பத்து நிமிடம் பேசியதோடு சரி. இரண்டாவது, வீட்டில் எழுதித் தரச் சொன்ன பயிற்சியை வாங்கிக்கொண்டு வாயே திறக்கவில்லை. இதில் போன் பேச்சும் தாண்டியாகிவிட்டது, பயிற்சியும் தாண்டியாகிவிட்டது. நேரில் போவதுதான் பாக்கி. இதிலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் ஒரு வருடத்துக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது என்று அவர்கள் கடிதத்திலேயே போட்டிருந்தார்கள்.

"ஒரு வருஷம் போனா இடைவெளி அஞ்சரை வருஷமாயிடும். அப்புறம் என்னை யாரும் கூப்பிட மாட்டாங்க" என்றாள் மூத்தவள். "இது போச்சுன்னா அவ்வளவுதான். இந்தத் தொழில மறந்துட வேண்டியதுதான்."

"அதனாலதான் சொல்றேன். அந்த வார்த்தைய விட்டுத் தொலை."

"எந்த வார்த்த?"

"ஆச்சு. எதக் கேட்டாலும் ஆச்சு. சமைச்சாச்சு, பூட்டியாச்சு, அனுப்பியாச்சு. யாரு சமைச்சா, யாரு பூட்டினா? எங்க வார்டுல ஒருத்தி ரிப்போர்ட்ல 'ஊசி போட்டாச்சு'ன்னு எழுதுவா. யாருடி போட்டதுன்னு கேட்டா இவ அவளப் பாப்பா, அவ இவளப் பாப்பா. ஒண்ணு, ரெண்டு பேரும் போடாம விட்டிருப்பாங்க. இல்ல, ரெண்டு பேரும் ஆளுக்கொண்ணு போட்டிருப்பாங்க. பேஷண்ட் கதி என்ன? அப்படி எழுதறவள மூணு நாள் நான் தூங்க விடமாட்டேன்."

"நான் என்ன ஊசியா போடறேன்?"

"வருஷத்துக்கு அம்பது பேர எதிர்ல உக்கார வெச்சு வேலைக்கு எடுக்கறவ சொல்றேன், கேளு. 'செஞ்சாச்சு'ன்னு ஒருத்தி சொன்னா அவ செய்யலன்னு எனக்கு அங்கயே தெரிஞ்சுடும். செஞ்சவ 'செஞ்சேன்'னு சொல்லுவா."

பேனாவை எடுத்து எவர்சில்வர் டம்ளரில் ஒரு தட்டு தட்டினாள். டங்கென்றது.

"ஒவ்வொரு ஆச்சுக்கும் ஒரு டங். ஆரம்பிக்கலாமா? நான்தான் கம்பெனிக்காரி. உள்ள வாங்க. உக்காருங்க. உங்களப் பத்திச் சொல்லுங்க."

"ரயில் நிலையங்கள்ல அறிவிப்புப் பலகை இருக்கும் இல்லையா, எந்த வண்டி எந்த பிளாட்பாரம்னு காட்டறது, அதுக்கான மென்பொருள் எங்க டீம்ல எழுதி, நாப்பத்தாறு ஸ்டேஷன்ல பொருத்தியாச்சு—"

டங்.

"பொருத்தினோம்."

"நீ என்ன பண்ணின?"

"வண்டி தாமதமானா பலகைல தானா மாறணும். அந்தப் பகுதி முழுக்க நான் எழுதினேன்."

"அதை மொதல்ல சொல்லு. டீம் அப்புறம் வரட்டும்."

அரை மணி நேரத்தில் பதினேழு தட்டு விழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ பதிலுக்கு ஒரு தட்டு தட்டினார்கள். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, அடுத்தது. இதை எல்லாரும் கேப்பாங்க, நானும் கேப்பேன். நீங்க செஞ்ச ஒரு தப்பு சொல்லுங்க."

மூத்தவள் டம்ளரைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

"ஒரு வெள்ளிக்கெழம. சாயங்காலம் நாலு மணிக்கு மென்பொருள்ல ஒரு மாற்றம் எல்லா ஸ்டேஷனுக்கும் போச்சு. கம்ப்யூட்டர் எதையும் சைபர்லேர்ந்துதான் எண்ணும். மனுஷங்க ஒண்ணுலேர்ந்து எண்ணுவாங்க. அதனால பலகைல காட்டறப்ப ஒண்ணு கூட்டிக் காட்டணும். அந்த ஒண்ணு விட்டுப்போச்சு. எல்லா வண்டிக்கும் பிளாட்பாரம் ஒண்ணு கொறச்சுக் காட்டிச்சு."

"அப்ப முதல் பிளாட்பாரம்?"

"சைபர்."

"சைபர் நம்பர் பிளாட்பாரமா!" இளையவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஜனங்க எங்கதான் போய் நின்னாங்க?"

"சிரிக்காதே. நாப்பது நிமிஷம். மூணாவதுல நிக்கற வண்டிக்கு ரெண்டாவதுல போய் நின்னாங்க. ஒரு பொண்ணு வண்டிய விட்டு, பரீட்சையையும் விட்டா. பேப்பர்ல வந்துச்சு."

இளையவள் சிரிப்பை நிறுத்தினாள். "யாரு எழுதினது அதை?"

"கேள்விக்குறி."

அந்தப் பெயர் இளையவளுக்கும் தெரியும். அக்காவுக்குக் கீழே வேலை பார்த்த பெண். எதற்கெடுத்தாலும் ஏன், ஏன் என்று கேட்பாள்; நிற்பதும் கொஞ்சம் கூனித்தான். ஆபீஸ் முழுக்க அவளுக்கு அதுதான் பெயர்.

"அவ எழுதினா. வெளிய போறதுக்கு முன்னாடி யாரு சரிபாத்தது?"

"ஒருத்தர் எழுதினா இன்னொருத்தர் பாக்கணும்னு விதி. பாத்தாச்சு."

இளையவள் பேனாவை ஓங்கினாள். டம்ளர் அக்காவின் கைக்குள் இருந்தது. மேசையிலேயே தட்டினாள்.

"பாத்தது நீ. அப்படித்தானே? அப்ப உன் கண்ணுல ஏன் படல?"

"விசாரணைல, நான் பாத்தப்புறம் அவ எதையோ மாத்தியிருப்பான்னு முடிவு பண்ணினாங்க. அவள வேற கட்டடத்துக்கு மாத்தினாங்க. மூணு மாசத்துல அவளே வேலைய விட்டுட்டா."

"நாப்பது நிமிஷத்துல யாரு சரி பண்ணினது?"

"நான்."

"அப்புறம் என்ன? கச்சிதமா இருக்கே! 'எனக்குக் கீழ ஒரு பொண்ணு, நான் பாத்து முடிச்சப்புறம் ஒரு வரிய மாத்திட்டா. நாப்பது நிமிஷத்துல நான் கண்டுபிடிச்சேன், சரி பண்ணினேன். அதுலேர்ந்து கடைசி நிமிஷ மாற்றத்த அனுமதிக்கறதில்ல.' எங்க, சொல்லு."

மூத்தவள் சொன்னாள். மூன்று முறை சொன்னாள். ஒரு ஆச்சுகூட வரவில்லை.

"பாத்தியா? எவ்வளவு சுத்தமா இருக்கு."

மூத்தவள் எழுந்துபோய், கழுவி வைத்திருந்த டம்ளரை மறுபடி கழுவினாள். இளையவள் கம்பெனிக் கடிதத்தின் கடைசிப் பகுதியைப் படித்தாள்.

"உங்களுக்குக் கீழ் பணிபுரிந்த ஒருவரின் தொலைபேசி எண் கொண்டுவரவும். நாங்கள் அவரிடம் பேசுவோம். யாரைப் போடறது?"

"எனக்குக் கீழ வேல பாத்தது அவ ஒருத்திதான்."

"நம்பர் இருக்கா?"

"இருக்கும்."

"எழுது."

"அப்புறம் எழுதறேன்."

"அக்கா."

"அப்புறம்னு சொன்னேன் இல்ல?"

வியாழக்கிழமை காலை தூறலாக இருந்தது. இளையவள் அலமாரி மேலிருந்து நீலக் குடையை இறக்கிக் கொடுத்தாள். ஒட்டியிருந்த விலைச்சீட்டுகூடக் கிழிக்கப்படவில்லை.

"எப்பவோ வாங்கின குடை. ஒரு நாளாவது விரிச்சிருக்கியா? எடுத்துட்டுப் போ."

"வேணாம். நனைஞ்சா காயும்."

"தல கலைஞ்சுடும்."

"வேணாம்னா விடேன்."

கம்பெனி ஒரு பல் மருத்துவமனைக்கு மேலே, நாலாவது மாடியில் இருந்தது. முதல் அறையில் ஒரு தாடிக்காரப் பையன் வெள்ளைப் பலகைக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். மூன்று பேனா இருந்தது. இரண்டு காய்ந்துவிட்டன, பச்சை மட்டும் எழுதியது.

"ஒரு ஆபீஸ்ல நாள் முழுக்க கூட்டம் நடக்குது. ஒவ்வொண்ணும் எப்ப தொடங்குது, எப்ப முடியுதுன்னு ஒரு பட்டியல் தருவேன். மொத்தம் எத்தன அறை வேணும்னு சொல்ற நிரல் எழுதணும். முக்கா மணி நேரம் இருக்கு. எந்த மொழில வேணும்னாலும் எழுதுங்க. யோசிக்கறதச் சத்தமா யோசிங்க."

அவள் பலகையைப் பார்த்தாள். பலகை அவளைப் பார்த்தது. நாலரை வருடமாக இந்தக் கை மருந்துச் சீட்டும் படுக்கை விரிப்புமாக இருந்த கை. வாயை மூடிக்கிட்டு மட்டும் நிக்காத, பேஷண்ட் எதிர்ல நர்ஸ் சும்மா நின்னா அவன் பயந்துடுவான் என்று தங்கை சொல்லி அனுப்பியிருந்தாள்.

"பத்து மணிக்கு முடியற கூட்டமும், பத்து மணிக்குத் தொடங்கற கூட்டமும் மோதுமா மோதாதா?"

பையனின் முகம் மலர்ந்தது. "மோதாதுன்னு வெச்சுக்கங்க. பாதிப் பேர் இதைக் கேக்கறதே இல்ல."

கேள்வி கேட்டதும் கை அசைந்தது. நேரங்களை வரிசைப்படுத்தினாள். தொடங்கினால் ஒன்று கூட்டு, முடிந்தால் ஒன்று கழி. நடுவில் ஒரு கட்டளையின் பெயர் மறந்துபோய், "அதோட பேரு நாக்குல நிக்குது, வரமாட்டேங்குது" என்றாள்.

"தேடிப் பாத்துக்கங்க மேடம். நானும் தெனம் தேடித்தான் எழுதறேன்."

எழுதி முடித்ததும் பட்டியல் காலியாக இருந்தால் என்ன ஆகும் என்று அவளே சோதித்தாள். உடைந்தது. சரிசெய்தாள். அதைத்தான் பையன் குறித்துக்கொண்டான் என்று தோன்றியது.

இரண்டாவது அறையில் இரண்டு பேர். கீழே இருக்கும் பல் மருத்துவமனைக்கு டோக்கன் பலகை அமைக்க வேண்டும். எப்படி அமைப்பாய், மின்சாரம் போனால் என்ன, ஒருவர் டோக்கன் வாங்கிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டால் என்ன, ஒன்றுக்கு நூறு மருத்துவமனை ஆனால் என்ன? பலகை அவள் வீட்டுச் சமாச்சாரம். பேசிக்கொண்டே போனாள். "டோக்கன் ஒண்ணுலேர்ந்து தொடங்கணும். சைபர் கூடாது" என்று தேவைக்கு மேலேயே அழுத்திச் சொன்னாள். ஒருவர் கொட்டாவி விட்டார். விட்டதற்கு மன்னிப்புக் கேட்டார்.

மூன்றாவது அறையில் டீம் தலைவி இருந்தாள். அம்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதையே மேசைமேல் தேடிக்கொண்டிருந்தாள்.

"தலைல இருக்கு மேடம்."

"தேங்க்ஸ். ஒரு நாளைக்கு நாலு தடவ தேடறேன். உக்காருங்க. ரெண்டு அறைலயும் நல்லாப் போச்சுன்னு சொன்னாங்க. நான் நிரல் பத்திக் கேக்கப் போறதில்ல. உங்களால நடந்த ஒரு தப்பு சொல்லுங்க."

"ரயில் நிலையப் பலகை" என்று தொடங்கினாள். சைபர் பிளாட்பாரம் வரை தடையில்லாமல் வந்தது. தலைவி சிரிக்கவில்லை.

"அந்த மாற்றத்த எனக்குக் கீழ இருந்த பொண்ணு எழுதினா. நான் பாத்து—"

அடுத்தது வாயில் தயாராக இருந்தது. மூன்று முறை சொல்லிப் பார்த்தது. சுத்தமாக இருந்தது.

"நான் பாத்து?" என்றாள் தலைவி.

"பாக்கல."

தலைவி பேனாவை எடுத்தாள்.

"மூணரை மணிக்கு அவ 'அக்கா, ஒரு தடவ பாத்துடுங்க, ஒரு எடத்துல சந்தேகமா இருக்கு'ன்னு அனுப்பினா. நான் 'பாத்தாச்சு'ன்னு பதில் போட்டேன். அதத் தொறக்கவே இல்ல. தொறந்திருந்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும். அவ சந்தேகப்பட்ட எடம் அதுதான்."

"வேல அதிகமா?"

"அப்படிச் சொல்லிக்கலாம். இல்ல. கம்ப்யூட்டர்ல குடை பாத்துக்கிட்டு இருந்தேன். நீலமா, கறுப்பா வாங்கலாம்னு."

"விசாரணை நடந்திருக்குமே?"

"திங்கக்கெழம. நீங்க பாத்தீங்களான்னு மேனேஜர் கேட்டாரு. பாத்தாச்சு சார்னேன். அந்த ஒரு வார்த்ததான். வேற ஒண்ணுமே நான் சொல்லல. பக்கத்துல உக்காந்திருந்த பொண்ணு உடனே, 'அக்கா பாத்தாங்கன்னா, நான்தான் அப்புறம் எதையோ மாத்தியிருப்பேன் சார்'னுச்சு. அவளுக்கு என்மேல அவ்வளவு நம்பிக்க. எழுத்துப்பிழை ஒண்ணு திருத்தினதா ஞாபகம்னும் சொல்லிச்சு. அப்படியே முடிச்சுட்டாங்க. நான் வாயத் தொறக்கல."

தலைவி எழுதியதைவிட எழுதாமல் இருந்த நேரம் அதிகம்.

"குடை வாங்கினீங்களா?"

"வாங்கினேன். இதுவரைக்கும் விரிக்கல."

"அந்தப் பொண்ணுக்கு இது தெரியுமா?"

"தெரியாது."

"உங்களுக்குக் கீழ வேல பாத்த ஒருத்தரோட நம்பர் கேட்டிருந்தோம்."

"எனக்குக் கீழ வேல பாத்தது ஒருத்திதான் மேடம்."

தலைவி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "அதே பொண்ணா?"

"அதே பொண்ணுதான்."

"சரி." நாட்காட்டியைப் பார்த்தாள். "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள நம்பர் அனுப்புங்க. நான்தான் பேசுவேன். அவங்க என்ன சொல்றாங்களோ, அத வெச்சுத்தான் முடிவு பண்ணுவேன். நீங்க எங்களை ஏதாவது கேக்கணுமா?"

தங்கை இரண்டு கேள்வி எழுதிக் கொடுத்திருந்தாள். இரண்டும் மறந்துவிட்டது.

"இல்ல மேடம்."

தூறல் நின்றிருந்தது. கட்டடத்தின் பக்கவாட்டில், பல் வலிக்காரர்கள் காத்திருக்கும் பெஞ்சின் ஓரத்தில் அவள் உட்கார்ந்தாள். உட்காரும் முன்பே தங்கையின் அழைப்பு வந்துவிட்டது.

"என்ன ஆச்சு?"

"டங்."

"விளையாடாதே. சொல்லு."

சொன்னாள். மறுமுனையில் கட்டில் சக்கரங்கள் உருளும் ஓசை கேட்டது. யாரோ நர்ஸம்மா என்று கூப்பிட்டார்கள். இளையவள், இருங்க வரேன் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அன்னைக்கு அவ மாத்தினான்னு எங்கிட்டயும் சொன்னியே."

"மாத்தினான்னு முடிவு பண்ணினாங்கன்னு சொன்னேன்."

"அடிப்பாவி. அதுவும் ஆச்சுக்கு அக்காதான். இப்ப என்ன பண்ணப் போற? அவள ஏன் கூப்பிடணும்? என் சிநேகிதி ஒருத்தி இருக்கா, உனக்குக் கீழ வேல பாத்தேன்னு சொல்லச் சொன்னா—"

"வார்டுல இப்படித்தான் பண்ணுவியா?"

"மாட்டேன்" என்றாள் இளையவள். "சும்மா சொல்லிப் பாத்தேன். அவ உன்னப் பத்தி நல்லபடியாத்தான் சொல்லுவா, உனக்குத் தெரியும். ஒண்ணும் சொல்லாம நம்பர மட்டும் குடுத்தா வேலை உனக்குத்தான்."

"தெரியும்."

"சொன்னா, கிடைக்கிறது அவ கையில."

"அதுவும் தெரியும். வெச்சுடறேன்."

எண் பழைய எண்தான். ஐந்து முறை மணி அடித்த பிறகு கேள்விக்குறி எடுத்தாள்.

"அக்கா! நீங்களா? ஏன்க்கா, இத்தன வருஷம் கழிச்சு? நல்லா இருக்கீங்களா? அம்மா?"

"அம்மா போயிட்டாங்க. எட்டு மாசமாச்சு. நீ எப்படி இருக்க?"

"ஐயோ. ஏன் சொல்லல? நான் வந்திருப்பேனே." அந்தக் குரலில் வயது மட்டும் கூடியிருந்தது. "நான் நல்லா இருக்கேன்க்கா. இப்ப ஆறு பேருக்கு நான் தலைமை. எல்லாரும் என்னைக் கிண்டல் பண்ணுவாங்க, ஒவ்வொண்ணையும் நாலு தடவ பாப்பேன்னு. பயம்க்கா. அன்னைக்குப் பலகைல நீங்க பாத்தப்புறம் எந்த வரிய மாத்தினேன்னு எனக்கு இன்னும் ஞாபகம் வரல. எவ்வளவோ யோசிச்சுட்டேன். அத விடுங்க. என்ன விஷயம்க்கா? ஏன் கூப்பிட்டீங்க?"

பெஞ்சின் மறுமுனையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவரின் டோக்கன் எண்ணை உள்ளிருந்து கூப்பிட்டார்கள். அவர் எழுந்து போனார். பெஞ்சில் அவள் மட்டும் இருந்தாள்.

"ஒரு கம்பெனிலேர்ந்து ஒருத்தங்க உங்கிட்ட என்னப் பத்திக் கேப்பாங்க. நீ என்ன வேணும்னாலும் சொல்லு. ஆனா அதுக்கு முன்னாடி இத நீ தெரிஞ்சுக்கணும். நீ எந்த வரியையும் மாத்தலம்மா. நான்தான் பாக்கல."